ஆறாம் எண் ட்ராமில் இன்னொரு சுற்று

உன்தோ என்று பெயர் வைத்தோம்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்குள் உறக்கம் இருக்கிறது.
பிறந்து பத்தொன்பது நாளாகியும்
பெயரைவிட்டு வெளியே வர மறுக்கிறது அது.

தூக்கினால் தூங்குகிறான்.
கிடத்தினால் கிடப்பதில்லை.
முதுகில் ஒரு கண் வைத்திருக்கிறான்;
மெத்தையின் குளிர் பட்டதும்
அது திறந்துகொள்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள்.
இடப்பக்கம் பிஹ்லா, வலப்பக்கம் நான்,
யார் எத்தனை நிமிடம் கண்மூடினோம் என்று.
நியாயமாக இருக்கட்டுமே என்றுதான் தொடங்கியது.
நேற்று விடிகாலை மூன்று மணிக்கு
அவள் என்னைத் திருடன் என்றாள்.
திங்கட்கிழமைக் கணக்கில் நாற்பது நிமிடம் இடிக்கிறதாம்.
இடிக்கும்தான்.
குளியலறைத் தரையில், ஈரத் துவாலையில் தலைவைத்து
நான்தான் அதைத் தின்றேன்.
சொல்லவில்லை.

கிளினிக்கில் தந்த கையேடு சொல்கிறது:
குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள்.
சரி.
குழந்தை என் தோளில் தூங்கும்போது
நான் நின்றபடி தூங்கவேண்டுமா?
குதிரைகளுக்கு முடிகிறது.
நானும் முயன்றேன்.
நெற்றியில் அலமாரிப் பிடியின் தழும்பு.

இன்று காலை பால் கொடுத்து முடித்தவளிடம்
"மூன்று மணி நேரம்" என்றேன்,
"முழுசாக, உனக்கு."
சம்பளத்தைக் கையில் வாங்குகிறவள்போல
ஒரு கணம் நம்பாமல் பார்த்தாள்.

பிப்ரவரி. மைனஸ் ஆறு.
காலணிக்கடியில் பனி சர்க்கரையாய் நொறுங்கியது.
ஹெல்சின்கியில் தள்ளுவண்டியோடு ஏறுகிறவரிடம்
ட்ராமில் டிக்கெட் கேட்பதில்லை.
இந்த ஊர் எனக்குத் தந்த மிகப் பெரிய பரிசு
இதுதான் என்று இப்போது படுகிறது.

தண்டவாளங்கள் பிரியுமிடத்தில் ஒரு குலுக்கல்.
வளைவில் இரும்பின் முனகல்.
உன்தோவின் வாய் மெல்லத் திறந்தது,
உள்ளே ஒரு பால்துளி, விழுங்க மறந்தது.
கால்பிரேக்கைச் சரிபார்த்தேன்.
மறுபடி சரிபார்த்தேன்.
மூன்றாவது முறை பார்த்தேனா என்பது
எனக்குத் தெரியாது.

கண் திறந்தபோது வண்டி நின்றிருந்தது.
அராபியா. கடைசி நிறுத்தம்.
ஆளில்லாத இருக்கைகள், என் கன்னத்தில் எச்சில்,
கை மட்டும் தள்ளுவண்டியின் கைப்பிடியில்
பூட்டுபோல் கிடந்தது.
எதிரே ஓட்டுநர். சட்டையில் பெயர்: லிபான்.
இறங்கச் சொல்வார் என்று எழுந்தேன்.
முழங்கால் எழவில்லை.
அவர் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்தார்,
பிறகு என்னை,
பிறகு கைக்கடிகாரத்தை.
"இன்னொரு சுற்றா?" என்றார்
ஒரு காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில்.
தலையாட்டினேன்.
முன்னால் போய், என் தலைக்கு மேலிருந்த
விளக்கு வரிசையை மட்டும் அணைத்தார்.

மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம் கழித்து வீடு.
பிஹ்லா நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள்.
கழுவிய புட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.
"தூங்கினாயா?"
"இல்லை. ரொம்ப அமைதியாக இருந்தது.
மாடிப்படியில் உன் சத்தம் கேட்கிறதா என்று
கேட்டுக்கொண்டே இருந்தேன்."

கோபம் வந்தது.
வந்த கோபத்துக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை,
அதுவும் உட்கார்ந்துவிட்டது.

தள்ளுவண்டியைப் பால்கனிக்கு உருட்டி
கதவை ஒரு விரல்கடை திறந்துவைத்தோம்.
அவன் மூச்சு ஆவியாய்ப் போவது தெரிந்தது.
கதவோரத் தரையில் அவள் சாய,
நான் காலணிகூடக் கழற்றாமல் பக்கத்தில் சாய்ந்தேன்.
"திங்கட்கிழமை," என்றேன், "அந்த நாற்பது நிமிடம்..."
பதில் இல்லை.
என் கைமேல் அவள் தலையின் முழு எடை.

கீழே தெருவில் பனி வாரும் வண்டி
கல்லில் இரும்பை உரசிக்கொண்டு போனதாம்.
பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் புகார் சொன்னார்.
எங்கள் மூவருக்கும்
அப்படியொரு வண்டி வந்ததே தெரியாது.